3,12,199 பேர் வந்தார்கள், சரி. பிறகு?

தராசு
வேறொரு இழையில் ஒருவர் 2023–24 ஏ-லீக் பெண்கள் தொடரை (ஆஸ்திரேலியாவின் கிளப் கால்பந்து லீக்) "இதுவரை நடந்ததிலேயே சிறந்த சீசன்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார். அங்கே பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன். என் கட்சி இதுதான்: ஆஸ்திரேலியப் பெண்கள் கால்பந்துக்குக் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பு அந்த சீசனில்தான் பாழாயிற்று.

நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 12, பிரிஸ்பேன். பிரான்ஸுடனான உலகக் கோப்பைக் காலிறுதி கோல் இன்றி முடிந்து பெனால்டிக்குப் போகிறது. பத்தாவது உதையை வலைக்குள் அனுப்பி ஆஸ்திரேலியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோனவர் கோர்ட்னி வைன். நான்கு நாள் கழித்து, இங்கிலாந்திடம் தோற்ற அரையிறுதியைச் சிட்னியில் நேரில் பார்த்தவர்கள் 75,784 பேர். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கோடிக்கு மேல். வைன் அப்போது விளையாடியது ஐரோப்பாவில் இல்லை, சிட்னி எஃப்சியில். அவரைப் பார்க்க ஒரு ரயில் டிக்கெட் போதும்.

எட்டு வாரத்தில், அக்டோபர் 14 அன்று லீக் தொடங்கியது. முதல் நாள் சிட்னி எஃப்சிக்கும் வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸுக்கும் நடந்த ஆட்டத்துக்கு 11,471 பேர். அதுவரை ஆண்கள் ஆட்டத்தோடு சேராமல் தனியாக நடந்த எந்தப் பெண்கள் லீக் ஆட்டத்துக்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை. நல்ல தொடக்கம்தான், மறுக்கவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி பெர்த்தில் மடில்டாஸ், அதாவது ஆஸ்திரேலியாவின் தேசியப் பெண்கள் அணி, பிலிப்பைன்ஸை 8–0 என வென்ற ஆட்டத்துக்கு 59,155 பேர் திரண்டார்கள். சீசன் முடிந்து லீக்கின் சராசரியைப் பார்த்தால் ஆட்டத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். அந்த ஐம்பத்தொன்பதாயிரத்தில் எத்தனை பேரை லீக்கின் பக்கம் அழைத்துவர முயன்றார்கள்?

ரூட்டிஹில்_ரசிகன்
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் தராசு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தேசிய அணியின் கூட்டத்தைக் கிளப் கூட்டத்தோடு ஒப்பிடுவது எந்த ஊர் நியாயம்? எந்த நாட்டில் இரண்டும் சமமாக இருக்கிறது? லீக்கை லீக்கோடு ஒப்பிடுங்கள். 2021–22 சீசனில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். அடுத்த ஆண்டு 18. 2023–24இல்தான் முதன்முறையாக 12 அணிகளும் ஒவ்வொரு எதிரணியுடனும் சொந்த மைதானத்தில் ஒன்று, அவர்கள் மைதானத்தில் ஒன்று என 22 ஆட்டங்கள் ஆடின. லீக்கின் முதல் இரண்டு சீசன்களோடு 2009இல் காணாமல்போன சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸ் அணி திரும்பி வந்தது. மொத்தப் பார்வையாளர் 3,12,199. ஆஸ்திரேலியாவில் எந்தப் பெண்கள் விளையாட்டுத் தொடருக்கும் அதற்குமுன் இவ்வளவு பேர் வந்ததில்லை என்று நிர்வாகமே அறிவித்தது. இதைப் பாழான சீசன் என்றால், பாழாகாத சீசனுக்கு என்ன அடையாளம்?

தராசு
ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மொத்தமும் கூடத்தான் செய்யும். மொத்தத்தைக் காட்டிப் பெருமை பேசுவது நிர்வாகத்துக்குப் பழகிப்போன வழி. நீங்களும் அதையே திருப்பிச் சொல்கிறீர்கள்.

ரூட்டிஹில்_ரசிகன்
சராசரியும்தான் கூடியது. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

யாழ்_மெல்பேர்ண்
இருவரும் இலக்கத்திலேயே நிற்கிறீர்கள். 2024 மே 4 அன்று நடந்த இறுதிப் போட்டியை நான் மெல்பேர்ண் ஆமி பார்க் அரங்கில் இருந்து பார்த்தேன். சுற்று ஆட்டங்களில் முதலிடம் பிடித்தது மெல்பேர்ண் சிற்றி. கிண்ணம் போனதோ சிட்னிக்கு, 1–0. ஷே கானர்ஸ் அடித்த ஒரே கோல். எங்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது உண்மைதான். ஆனாலும் உதைபந்தாட்டம் என்றால் அதுதான்: முழுக்கப் பந்து நம்மிடம், வெற்றி அவர்களிடம். சிட்னிக்கு அது ஐந்தாவது பட்டம், தொடர்ந்து இரண்டாவது.

அந்த இறுதி ஆட்டம் மெல்பேர்ணில் நடந்ததே ரசிகர்கள் போராடிப் பெற்றது. 2022 டிசம்பரில் ஆண்கள், பெண்கள் இரண்டு லீக்குகளின் இறுதிப் போட்டிகளையும் மூன்று ஆண்டுக்குச் சிட்னிக்கு விற்றுவிட்டார்கள். இறுதிக்கு வந்த இரண்டு அணிகளில் பட்டியலில் மேலே இருக்கும் அணியின் ஊரில் ஆட வேண்டிய போட்டியை நியூ சவுத் வேல்ஸ் அரசின் சுற்றுலாத் துறைக்குக் கொடுத்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, 2023 அக்டோபரில்தான் அதைக் கைவிட்டார்கள். சீசன் தொடங்கும் அதே மாதம். தராசு சொல்லும் அசட்டை நிர்வாகத்தில் இருந்தது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீசன் வேறு, நிர்வாகம் வேறு.

கோல்காவலாளி
பதினான்கு ஆண்டுகளாக வட்டார லீக்கில் வலைக்கு முன்னால் நிற்கிறேன், அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுவேன். கூட்டம், கூட்டம் என்று மூன்று பேரும் பேசிவிட்டீர்கள். ஆடியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த "வரலாற்று" சீசனில் ஓர் ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஒப்பந்தம் 35 வாரங்களுக்கு 25,000 டாலர். சிட்னியில் ஒரு சிறு வீட்டு வாடகைக்கே அது போதாது. பகலில் உடற்பயிற்சிக் கூடத்திலோ பள்ளியிலோ கடையிலோ வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் பெர்த்துக்கோ வெலிங்டனுக்கோ விமானம், திங்கள் காலை மறுபடி வேலை. எஞ்சிய 17 வாரங்களுக்கு மாநில லீக்கில் ஆடி ஏதாவது தேற்றிக்கொள்ள வேண்டும். உடம்பு எப்போது ஓய்வெடுக்கும்? முழங்கால் தசைநார் அறுந்து எத்தனை பேர் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இந்த லீக்கைத் தொடர்ந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

இதே நாட்டில் 2017இல் பிறந்த ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய விதி ஆட்டம்) பெண்கள் லீக் 2023இல் சராசரிச் சம்பளத்தை 60,000 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. நம் கால்பந்து லீக்குக்குப் பிறகு ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை அது.

ரூட்டிஹில்_ரசிகன்
அக்கா, மரியாதையோடு ஒன்று. அங்கே சராசரி, இங்கே குறைந்தபட்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதுவும் பயங்கரமாகத்தான் தெரியும்.

கோல்காவலாளி
சரி தம்பி, குறைந்தபட்சத்தைக் குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்டாலும் நாம்தான் கீழே இருப்போம். பழையதைச் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். 2008இல் தொடங்கிய லீக்கில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று வந்ததே 2017இல், அதுவும் 10,000 டாலர். அதற்கு முன் ஒரு காசும் வாங்காமல் ஆடியவர்கள் இருக்கிறார்கள். 2015இல் தேசிய அணியே வேலைநிறுத்தம் செய்து அமெரிக்கப் பயணத்தை ரத்துசெய்தது. 2019 நவம்பரில்தான் ஆண்கள், பெண்கள் தேசிய அணிகளுக்கு வருவாயில் சமபங்கு என்ற ஒப்பந்தம் வந்தது. தேசிய அணியில் இருபத்து மூன்று பேருக்கு அந்தச் சமத்துவம். லீக்கில் இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு 25,000. பத்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்கு வந்ததே பெரிய ஏற்றம் என்று நீங்கள் வாதாடுவீர்கள். வாதாடுங்கள்.

ரூட்டிஹில்_ரசிகன்
வாதாடத்தான் போகிறேன். ஏறியிருக்கிறது என்பது உண்மையா இல்லையா? ஒரே சீசனில் எல்லாம் நடந்துவிடாது. முதலில் ஆட்டங்களைக் கூட்டினால்தான் ஒப்பந்தக் காலம் நீளும். ஒப்பந்தம் நீண்டால்தான் முழுநேரச் சம்பளம் கேட்க முகம் இருக்கும். 14 ஆட்டங்களுக்கு யார் முழு வருடச் சம்பளம் கொடுப்பார்கள்?

இன்னொன்று. இந்த லீக் இல்லாவிட்டால் மடில்டாஸ் எங்கிருந்து வந்திருப்பார்கள்? மடில்டாஸின் நட்சத்திரம் சாம் கெர் 2008இல் பதினைந்து வயதில் பெர்த் குளோரிக்கு ஆடத் தொடங்கியவர். மறுமுனையில் மிஷேல் ஹேமனைப் பாருங்கள். 35 வயதில் கான்பெரா யுனைடெட்டுக்காக அந்த சீசனில் 17 கோல், லீக்கிலேயே அதிகம். இந்த லீக்கில் 100 கோலைத் தொட்ட முதல் ஆட்டக்காரரும் அவர்தான். கெர் காயத்தில் விழுந்தபோது தேசிய அணி அவரைத்தான் திரும்ப அழைத்தது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்து, 2024 பிப்ரவரியில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். வாராவாரம் ஆட ஒரு லீக் இருந்ததால்தான் அது நடந்தது. இதை எந்தச் சராசரியில் எழுதுவீர்கள் தராசு?

தராசு
ஹேமன் பெயரை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. அவருடைய கான்பெரா யுனைடெட்டின் நிலை என்ன? ஆண்கள் அணியின் நிழல் இல்லாமல் தனித்து நிற்கும் ஒரே கிளப். நூறு கோல் அடித்தவரை வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு அணி இருக்குமா என்று ஒவ்வொரு கோடையிலும் நிதி தேடி அலைகிறார்கள்.

யாழ்_மெல்பேர்ண் "சீசன் வேறு, நிர்வாகம் வேறு" என்கிறார். எப்படி வேறாகும்? 2021 டிசம்பரில் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து 14 கோடி டாலர் வாங்கினார்கள். பெரும் பகுதியைச் சொந்த இணையதளம், செயலி என்று இறைத்தார்கள். 2024 ஜனவரியில், நீங்கள் கொண்டாடும் சீசனின் நடுவிலேயே, ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மக்களிடம் ஆட்டத்தைக் கொண்டுசேர்க்க வேண்டியவர்களே இல்லாமல் போனால் கூட்டம் எப்படி நிற்கும்?

நிற்கவில்லை என்பதற்கு 2024–25 சாட்சி. பார்வையாளர் எண்ணிக்கை கண்கூடாக இறங்கியது. வைன் 2024இல் அமெரிக்காவின் நார்த் கரோலினாவுக்குப் போனார். மெல்பேர்ண் சிட்டிக்கு முதலிடம் வாங்கித் தந்த பயிற்சியாளர் டாரியோ விடோசிச்சை இங்கிலாந்தின் பிரைட்டன் பெண்கள் அணி அழைத்துக்கொண்டது. 2025–26இல் வெஸ்டர்ன் யுனைடெட் இல்லை. 12 அணிகள் 11 ஆயின, 2023–24இல் 22 ஆக இருந்த ஆட்டங்கள் 20 ஆயின. ஆட்டங்கள் கூடினால் சம்பளம் கூடும் என்றீர்களே, ரசிகன்? இப்போது குறைந்துவிட்டதே.

யாழ்_மெல்பேர்ண்
2024–25ஐ இப்படி ஒரே வரியில் புதைக்க வேண்டாம். அந்த முறை மெல்பேர்ண் சிற்றி சுற்று ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அப்படியிருந்தும் பட்டம் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸுக்கு, இறுதி ஆட்டத்தில் மெல்பேர்ண் விக்டரியுடன் பெனால்டி வரை போய். திரும்பி வந்து இரண்டாவது சீசனிலேயே சாம்பியன். அதே மாதம் சிற்றி ஆசியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டத்துக்குப் போய் வூஹானில் பெனால்டியில் தோற்றது. ஆட்டத்தின் தரம் கூடித்தான் இருக்கிறது. கூட்டம் குறைந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

கோல்காவலாளி
யாழ் சொன்னதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. ஆடுகிறவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மற்றவர்கள் செய்யவில்லை. உலகக் கோப்பை முடியும் தறுவாயில் மத்திய அரசு பெண்கள் விளையாட்டு வசதிகளுக்கு 20 கோடி டாலர் அறிவித்தது, நல்ல காரியம். எங்கள் மைதானத்தில் பெண்களுக்கு இன்னும் தனி உடைமாற்றும் அறை இல்லை. ஆண்கள் குளித்து முடிக்கும்வரை வாகனத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அதே மைதானத்தில் உலகக் கோப்பைக்குப் பிறகு சேர வந்த சிறுமிகளுக்குப் பயிற்சி நேரம் ஒதுக்க முடியாமல் காத்திருப்போர் பட்டியலில் போட்டோம். அவர்கள் லீக்கையும் பார்க்க வந்திருப்பார்கள், பெற்றோரையும் இழுத்து வந்திருப்பார்கள்.

ரூட்டிஹில்_ரசிகன்
வந்தார்கள் அக்கா, எங்கள் பக்கம் வந்தார்கள். வாண்டரர்ஸ் பெண்கள் ஆடும் ரூட்டி ஹில் மைதானத்தில் கம்பிவேலி ஓரம் புல்லிலேயே உட்காரலாம். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அரை மணி நேரம் நின்று சட்டையில் கையெழுத்துப் போடுவார்கள். அறுபதாயிரம் பேர் அமரும் அரங்கில் என் மகளுக்கு அது கிடைக்குமா? தராசு கேட்கும் பெரிய அரங்கங்களில் மூவாயிரம் பேரைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் காலி நாற்காலிதான் தொலைக்காட்சியில் தெரியும்.

தராசு
நான் பெரிய அரங்கம் கேட்கவே இல்லை. நாற்பது டிகிரி வெயிலில் பிற்பகல் ஆட்டம் வைக்காதீர்கள், ஆட்ட நாளை இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள், மடில்டாஸ் டிக்கெட் வாங்கியவருக்கு அவர் ஊர்க் கிளப்பின் ஆட்டம் எப்போது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதற்கு 14 கோடி தேவையில்லை.

2026 மார்ச்சில் பெண்கள் ஆசியக் கோப்பை பெர்த், கோல்ட் கோஸ்ட், சிட்னி மூன்று ஊர்களிலும் நடக்கப்போகிறது. இரண்டாவது வாய்ப்பு தானாக வந்து நிற்கிறது. லீக் என்ன செய்யப்போகிறது, அதைச் சொல்லுங்கள்.

யாழ்_மெல்பேர்ண்
இந்தியாவும் தகுதி பெற்றிருக்கிறது, தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று. ஜப்பான், வியட்நாம், சீன தைபே இருக்கும் பிரிவு, கடினம்தான். மேற்குச் சிட்னித் தமிழர்களுக்கு இந்த முறை வீட்டில் இருக்கச் சாக்கு இல்லை.

ரூட்டிஹில்_ரசிகன்
பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் ஆள் திரட்டும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆசியக் கோப்பைக்கு ஓர் ஆட்டம், அதற்குப் பின் ரூட்டி ஹில்லில் ஓர் ஆட்டம், இரண்டுக்கும் சேர்த்துத்தான் பெயர் எழுதிக்கொள்வேன். ஒன்றுக்கு மட்டும் வருகிறவர்களுக்கு என் வண்டியில் இடமில்லை. தராசு, உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா?

தராசு
எழுதிக்கொள்ளுங்கள். வாயிலில் நின்று தலையை எண்ணுவேன், பரவாயில்லையா?

கோல்காவலாளி
எனக்கு இரண்டு இடம். ஒன்று எனக்கு, இன்னொன்று காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருக்கும் பெண்ணுக்கு. அவளுடைய அம்மா சம்மதித்தால் மூன்று.