கடாரம்: கொப்பரையா, ஊரா?

ஏட்டுச்சுவடி கேட்டது:
ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டில் வரும் அரசன் புகழுரையில்) வரும் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா என்று படித்திருக்கிறேன். அகராதியைத் திறந்தால் கடாரம் என்பதற்குக் கொப்பரை என்று போட்டிருக்கிறது. பாத்திரத்தின் பெயர் எப்படி ஊருக்கு வந்தது? பட்டினப்பாலை சொல்லும் காழகமும் இதுவும் ஒன்றா? ராஜேந்திரன் அங்கே நடத்திய படையெடுப்பை விட்டால் இலக்கியத்தில் இந்த ஊருக்கு வேறு வேலையே இல்லையா?

கல்வெட்டுக்கிறுக்கன்:
வடமொழியிலும் இதே கதைதான், கடாஹம் என்றால் கொப்பரை, ஊருக்கும் அதே பெயர். ஆனால் 7ஆம் நூற்றாண்டில் அந்த வழியாகக் கப்பலில் போன சீனத் துறவி இ-சிங் அந்த ஊரை வேறு ஒலிப்பில் எழுதி வைத்திருக்கிறார், அதில் கொப்பரையும் இல்லை ஒன்றும் இல்லை. உள்ளூர்ப் பெயர் ஒன்றை ஆளாளுக்குத் தங்கள் வாய்க்கு வந்தபடி திருப்பியிருக்கிறார்கள், நம் பக்கம் அது பழகிய பாத்திரப் பெயராகப் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பொருநன்:
காழகம் பற்றி: "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" என்ற அடிக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை சொல்கிறார். பாட்டு சங்க காலம், உரை பல நூற்றாண்டு பிந்தியது, அதனால் அவர் தன் காலத்து நிலப்படத்தை வைத்துச் சொன்னார் என்று வாதாடலாம். எப்படியானாலும் பட்டினப்பாலையில் அது புகார்த் தெருவில் வந்து இறங்கும் சரக்கு, அவ்வளவுதான். 1025 படையெடுப்புக்குப் பிறகு சுருதியே மாறிவிடுகிறது. மெய்க்கீர்த்தி "தொடுகடற் காவற் கடுமுரட் கடாரமும்" என்கிறது, கலிங்கத்துப்பரணி "குரைகடாரமும்" என்று அலைச்சத்தத்தோடு சேர்த்துப் பாடுகிறது. அதாவது ஊர் பட்டம் ஆகிவிட்டது, கடாரங்கொண்டான் என்று. இத்தனைக்கும் சுமார் இருபது வருடம் முன்புதான் ராஜராஜன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்த விகாரத்தை எடுப்பித்தவனை, இந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடே கிடாரத்தரையன் (கடாரத்து அரசன்) என்று மரியாதையாகத்தான் சொல்கிறது.

ஜெராய்மலை:
நான் கெடாக்காரன். படையெடுப்பு இல்லாத கதை வேண்டுமென்றால் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் தேவஸ்மிதை கதையைப் படியுங்கள். வங்கத்துத் துறைமுகமான தாமிரலிப்தியிலிருந்து கணவன் கடாஹத்துக்கு வியாபாரம் செய்யப் போகிறான், அங்கிருந்து நான்கு வணிகர்கள் இவள் கற்பைச் சோதிக்கக் கிளம்பி வருகிறார்கள், இவளோ அவர்களை மயக்கி நெற்றியில் நாய்க்கால் முத்திரையைச் சூடு போட்டு அனுப்பிவிட்டு, அப்புறம் ஆண் வணிகன் வேடத்தில் கடாஹத்துக்கே போய், அரசன் முன்னால் "இவர்கள் என் அடிமைகள், நெற்றியைப் பாருங்கள்" என்கிறாள்! அங்கே கடாரம் எதிரி நாடு இல்லை, கணவன்மார் கப்பலேறிப் போய்த் தங்கிவிடும் தூரத்துச் சந்தை. இங்கே கெடாவில் புஜாங் பள்ளத்தாக்கில் கிடக்கும் கோயில் அடித்தளங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடாரம்தான் பொருத்தமாகப் படும்.

ஏட்டுச்சுவடி:
நாய்க்கால் முத்திரை புதுசு, நன்றி. ஒரு பழைய புத்தகத்தில் கடாரம் பர்மா என்று இருக்கிறதே, அச்சுப்பிழையா?

கல்வெட்டுக்கிறுக்கன்:
அச்சுப்பிழை இல்லை. ஆரம்பகாலக் கல்வெட்டு அறிஞர்கள் அதைப் பர்மாவில்தான் தேடினார்கள். 1918இல் பிரெஞ்சு அறிஞர் செதேஸ் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசு பற்றி எழுதிய பிறகுதான் தேடல் மலாக்கா நீரிணைப் பக்கம் திரும்பியது. புத்தகம் அதற்கு முந்தியதா என்று முதல் பக்கத்தில் பாருங்கள்.