சமநோக்கு வளைகோடுகள் வெட்டிக்கொள்ளாது என்பதற்கு எது ஆதாரம்?

தாமரை: பி.ஏ. பொருளியல் படிக்கிறேன். ஒருவருக்கு ஒரே அளவு திருப்தி தரும் இரு பொருள்களின் சேர்க்கைகளை இணைப்பது சமநோக்கு வளைகோடு. அப்படிப்பட்ட இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளாது என்ற நிரூபணம் எனக்கு மனப்பாடம். வெட்டுகின்றன என்று வைத்துக்கொண்டால், வெட்டும் புள்ளி அ, ஒரு கோட்டில் ஆ, மற்றதில் இ. அ-வும் ஆ-வும் சமம், அ-வும் இ-யும் சமம், எனவே ஆ-வும் இ-யும் சமம். ஆனால் இ-யில் இரு பொருளும் கூடுதல்; ஆகவே முரண்பாடு. அந்த மூன்றாவது சமத்தை நாம் எந்த உரிமையில் எழுதுகிறோம்?

சுண்ணக்கட்டி: பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், இப்படிக் கேட்பவர்கள் குறைவு. அந்த வரியைத் தாங்குவது கடப்புப் பண்பு: முதலாவது இரண்டாவதற்குச் சமம், இரண்டாவது மூன்றாவதற்குச் சமம் என்றால், முதலாவதும் மூன்றாவதும் சமம். பள்ளிக் கணக்கில் படித்த கடப்பு உறவேதான். முரண்பாட்டைத் தருவது மற்றோர் எடுகோள்: கூடுதல் அளவே மேலானது. இரண்டில் ஒன்று போனாலும் நிரூபணம் நிற்காது.

கடப்புப் பண்பை 1956-இல் கணித உளவியலாளர் டங்கன் லூஸ் அழகாக அசைத்துப் பார்த்தார். காப்பியில் ஐந்து கட்டிச் சர்க்கரையைவிட ஒரு கட்டியையே விரும்புகிற ஒருவர் இருக்கிறார். ஒரு கட்டியில் தொடங்கி, கட்டியின் நூறில் ஒரு பங்காகக் கூட்டிக்கொண்டே 401 கோப்பைகள் வையுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கோப்பைகள் அவர் நாக்குக்கு ஒன்றுதான். கடப்பு உண்மையானால் முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் சமமாக வேண்டும். ஆனால் கடைசியை அவர் தொடவே மாட்டார்.

நெய்தல்: பொருளியலாளர்கள் ஹிக்ஸும் ஆலனும் 1934-இல் பயன்பாட்டை, அதாவது பொருள் தரும் திருப்தியை, அளக்கத் தேவையில்லை, வரிசைப்படுத்தினால் போதும் என்று காட்டினார்களே. இந்தச் சிக்கல் அத்துடன் தீரவில்லையா?

சுண்ணக்கட்டி: தீரவில்லை. அளவை விட்டுவிட்ட பிறகு முழுச் சுமையும் வரிசையின் மேல்தான் விழுகிறது.

பாடநூல்கள் பட்டியலிடாத எடுகோள் ஒன்றும் உண்டு: கையில் ஏற்கெனவே எது இருக்கிறது என்பது விருப்பத்தை மாற்றாது. பொருளியலாளர் ஜாக் நெட்ச் 1989-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழுவுக்குக் காப்பிக் குவளை கொடுத்து, சாக்லேட்டுக்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். 89 சதவீதம் பேர் குவளையையே வைத்துக்கொண்டார்கள். முதலில் சாக்லேட் பெற்ற குழுவில் குவளைக்கு மாறியவர்கள் 10 சதவீதம்தான். எதையும் கொடுக்காமல் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது 56 சதவீதம் பேர் குவளையை எடுத்தார்கள். அப்படியானால் எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்துக் கோடே மாறுகிறது. எனக்கு லூஸின் காப்பியைவிட இதுதான் பெரிய அடி.

வளைகோட்டை வரைந்து முடித்துவிட்டு, மணி அடிக்கும் நேரத்தில் எடுகோள்களை ஒப்புவிக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

தாமரை: நன்றி ஐயா. தேர்வில் இதை எப்படி எழுதுவது?

சுண்ணக்கட்டி: நிரூபணத்தை அப்படியே எழுதுங்கள். மூன்றாவது சமத்துக்குப் பக்கத்தில் ‘கடப்புப் பண்பின்படி’ என்றும், முரண்பாட்டு வரியில் ‘கூடுதல் அளவே மேலானது என்பதால்’ என்றும் சேருங்கள்.