முதல் விங் ஃபாயில் பலகை: 120 லிட்டரா, 95 லிட்டரா?

புதுக்காற்று: என் எடை 78 கிலோ. விங் ஃபாயில் பயிற்சி வகுப்பு முடிந்துவிட்டது: கையில் காற்றைப் பிடிக்கும் விங், காலடியில் பலகை, அதற்குக் கீழே நீருக்குள் ஃபாயில் என்னும் இறக்கை அமைப்பு; வேகமெடுத்தால் அது பலகையை நீருக்கு மேலே தூக்கும். மண்டியிட்டபடி விங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் போக முடிகிறது. எழுந்து நின்றால் கவிழ்ந்துவிடுகிறேன். இனி சொந்தமாக ஒரு பலகை வாங்க வேண்டும். பயிற்றுநர் 120 லிட்டர் என்கிறார். அது சீக்கிரமே வேண்டாத சுமையாகிவிடும், 95 போதும் என்கிறார் உடன் கற்றவர். நான் இறங்கும் இடத்தில் காற்று பெரும்பாலும் 14 முதல் 18 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.).

கடலோடி: பயிற்றுநர் பேச்சைக் கேளுங்கள். பலகையின் பருமனில் ஒரு லிட்டர் சுமார் ஒரு கிலோவை மிதக்க வைக்கும்; உடல் எடையோடு 30 முதல் 40 லிட்டர் கூட்டிக்கொள்வதுதான் தொடக்கநிலைக் கணக்கு. 95 லிட்டரில் உங்கள் எடையைக் கழித்தால் மிச்சம் 17. பலகை, ஃபாயில், நனைந்த உடை இவற்றின் எடையையும் கழித்துப் பாருங்கள், கைப்பிடி அளவு மிதப்புகூட மிஞ்சாது. நடுநீரில் காற்று ஓய்ந்தால் எதன்மேல் நின்று கரை திரும்புவீர்கள்?

விசிறி: லிட்டர் கணக்கை வேதவாக்காக்காதீர்கள். குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும் 120 லிட்டர் பலகை நீரை உழுதுகொண்டுதான் போகும். ஃபாயில் தூக்குவதற்கு வேகம் வேண்டும். அந்த வேகத்தை எட்டவிடாமல் தடுப்பதே இந்தப் பலகைதான். நீண்டு ஒடுங்கிய 100 லிட்டர் பலகை மெல்லிய காற்றிலேயே நழுவி வேகமெடுக்கும். எழும்பிய பிறகும் பெரிய பலகை தொல்லைதான். காலடியில் இருக்கும் அந்தப் பருமன் திரும்பும்போதெல்லாம் தாமதமாகவே அசையும்.

கடலோடி: எழும்பிய பிறகு வரும் தொல்லையை எழும்பாதவரிடம் சொல்லி என்ன பயன்? அவர் விழுவது எழுந்து நிற்கும் அந்த ஒரு நொடியில். ஒரு கால் மட்டும் முன்னே வந்திருக்கும், விங்கின் நுனி நீரில் உரசும், அதே நேரத்தில் பக்கவாட்டில் ஒரு சிற்றலை இடிக்கும். அங்கே காப்பாற்றுவது அகலம். ஒடுங்கிய பலகை அந்த நொடியில் புரண்டுவிடும். 70 சென்டிமீட்டருக்குக் குறைந்த பலகையை நான் புதியவருக்குச் சொல்லமாட்டேன்.

ஆழ்நீர்: இருவரும் பலகையை இழுத்துப் பிடித்துச் சண்டையிடுகிறீர்கள். தூக்குவது கீழே இருக்கும் ஃபாயிலின் முன் இறக்கையல்லவா? 78 கிலோவுக்கு 1800 முதல் 2000 சதுர சென்டிமீட்டர் வரை பரப்பு, மிக நீண்டு மெலியாத வடிவம். அது மெதுவான வேகத்திலேயே தூக்கும், தடுமாறினாலும் சட்டென்று கைவிடாது. ஆனால் பெரிதாக்கிக்கொண்டே போவதால் பயனில்லை. தூக்குவிசை பரப்புக்கு நேர் விகிதம், வேகத்தின் இருமடிக்கும் நேர் விகிதம். ஆகவே பரப்பை இரட்டிப்பாக்கினாலும் எழும்பத் தேவையான வேகம் சுமார் 30 சதவீதம்தான் குறையும். மறுபக்கம், காற்று வலுத்தால் பெரிய இறக்கை உங்களை மேலே மேலே தள்ளும். முன்காலால் அழுத்தி அழுத்தித் தொடை வலிக்கும். விங் 5 சதுர மீட்டர் எடுங்கள். அந்த மெல்லிய காற்றுக்கு 6 இழுக்கும்தான், ஆனால் அதன் நுனி இன்னும் எளிதாக நீரைத் தொடும்.

விசிறி: இதில் உடன்படுகிறேன். பலகையையும் கீழே உள்ள இறக்கையையும் இணைக்கும் தண்டான மாஸ்ட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 60 சென்டிமீட்டர் மாஸ்ட் புதியவருக்கு ஏற்றது என்று விற்கிறார்கள். விழும் உயரம் குறைவு, உண்மைதான். ஆனால் சற்று மேலே ஏறியதும் இறக்கை நீர்மட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும்; தூக்குவிசை ஒரே கணத்தில் போய்விடும், பலகை பொத்தென்று விழும். 75 எடுத்தால் தவறைத் திருத்த இடம் கிடைக்கும்.

கடலோடி: ஆழம் இருந்தால் 75. மணல்திட்டுள்ள நீரில் இறக்கை தரை தட்டினால் ஆள் முன்னே பறப்பார். தலைக்கவசமும் மோதல் தாங்கும் அங்கியும் பட்டியலில் முதலில் வரவேண்டியவை. இங்கே ஒருவரும் அதைப் பேசவில்லை.

புதுக்காற்று: காற்றடைக்கும் பலகை ஒன்றும் கண்ணில் பட்டது. காரில் எளிதாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

ஆழ்நீர்: எடுத்துச் செல்ல வசதி, முட்டியில் இடித்தாலும் வலிக்காது. ஆனால் மாஸ்ட் பொருந்தும் இடத்தில் பலகை வளையும். நீங்கள் காலால் சொல்வது ஃபாயிலுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். வேறு வழி இல்லாதவருக்கு மட்டும் சொல்வேன்.

விசிறி: சரி, 120 லிட்டர்தான் என்றால் பழையதாக வாங்குங்கள், புதியதாக வேண்டாம். கற்றுக்கொண்டதும் விற்றுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. பலகையைக் கவிழ்த்து, மாஸ்ட் திருகும் தடங்களைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஃபாயிலைக் கண் முன்னே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உப்புநீரில் அலுமினிய மாஸ்ட்டும் எஃகுத் திருகும் ஒட்டிப் பிடித்துக்கொண்டால் எந்தச் சாவிக்கும் அசையாது. விற்பவர் கழற்ற மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

கடலோடி: 120 என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

விசிறி: பழையது என்றேன். அதையும் படியுங்கள்.