15 வயசுப் பெடியனுக்கு 7.26 கிலோக் குண்டா?

திருமலைக்காரன்: ஓஎல் (சாதாரண தரச் சோதனை) வருசத்தில போட்டி விளையாட்டு நேர விரயம், பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு இங்க ஒருத்தர் எழுதியிருக்கிறார். வாசிக்கவே எரிச்சல் வருது. வலயமட்டம், மாகாணமட்டம் எண்டு திகதி தெரிஞ்ச பெடியன் நேரத்துக்குப் படுத்து நேரத்துக்கு எழும்புவான். ஆனா குண்டு போடுதலுக்குப் பயிற்சி இறுக்கமா இருக்கோணும். 15 வயசில 7.26 கிலோக் குண்டு போட்டுப் பழகினவனுக்குப் போட்டியில 5 கிலோ பஞ்சு மாதிரி.

ஈட்டிமுனை: 7.26 வளர்ந்த ஆம்பிளையளுக்கு உரிய குண்டு. 18 வயசுக்குக் கீழ 5 கிலோ, 20 வயசுக்குக் கீழ 6 கிலோ. 2.26 கிலோ கூடினா முதல்ல முழங்கை கீழ விழும். கழுத்தோட ஒட்டி நிக்கவேண்டிய குண்டு தோளுக்குப் பின்னால போகும், அது பவுல், விதிமீறல். பிறகு தள்ளுறதை விட்டுட்டு எறியத் தொடங்குவான். அந்த இழுவை முழங்கையின்ட உள்பக்கத்துக்குத்தான் வரும். அங்க எலும்பின்ட வளர்ச்சிப் பகுதி அந்த வயசில இன்னும் குருத்துத்தான்.

நிலாவெளி அம்மா: பிரயோசனம் எண்டு எதைச் சொல்லுறீங்க? உடம்பா, படிப்பா, சேட்டிபிக்கட்டா?

திருமலைக்காரன்: பாரம் இல்லாம பலம் வராது. 7.26 தான்.

ஈட்டிமுனை: பலத்துக்கு வேற வழி இருக்கு. 3 கிலோ மெடிசின் பந்தை, அதுதான் பாரமான பயிற்சிப் பந்தை, நெஞ்சிலிருந்து தள்ளட்டும், எட்டு எட்டா மூண்டு தரம். குந்தி எழும்பட்டும், தண்டால் எடுக்கட்டும். குண்டு கைக்கு வந்தா அது விரலடியில இருக்கோணும், உள்ளங்கையில இல்ல. 7.26ஐ அந்த வயசு விரல் தாங்காது, உள்ளங்கைக்கு இறங்கிடும். கடைசியில மணிக்கட்டாலயும் விரலாலயும் குடுக்கிற தட்டு போயிடும். தூரமே அந்தத் தட்டிலதான்!

டொக்யார்ட் ரோட்: 1948ல டங்கன் வைட், 2000ல சுசந்திகா. இலங்கையின்ட ரெண்டு ஒலிம்பிக் பதக்கமும் ஓட்டத்தில வந்தது. குண்டுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஈட்டிமுனை: ஓட்டத்தைப் பற்றி வேற இடத்தில கதையுங்க. குண்டு போடுற பெடியனுக்கு ஓடுறவனை விடக் குறைஞ்ச மானமா?

திருமலைக்காரன்: போனமுறை அளவு நாடாவைக் குண்டு போடுற வட்டத்தின்ட நடுவுக்கு இழுக்கோணும் எண்டு ஊரையே குழப்பின ஆள்தானே நீங்க?

ஈட்டிமுனை: இப்பவும் அதைத்தான் சொல்லுறன். குண்டு விழுந்த தடத்தில வட்டத்துக்குக் கிட்டின ஓரத்தில நாடாவின்ட பூச்சியம், நாடா வட்டத்தின்ட மையத்துக்கு மேலால, வாசிக்கிறது வட்டத்தின்ட உள்விளிம்பில. சரிச்சுப் பிடிச்சா பிள்ளைக்குச் சொந்தமில்லாத தூரம் ஏறும். பிள்ளை நேர்மை பழகோணும் எண்டா நாடா பிடிக்கிறவர் முதல்ல பழகட்டும்.

நிலாவெளி அம்மா: என்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்ல.

டொக்யார்ட் ரோட்: 3 மணி வெயில்ல தண்ணி குடுக்காம நிக்க வைக்கிறதைப் பற்றியும் ஒருத்தரும் கதைக்கேல்ல.

திருமலைக்காரன்: 5 கிலோ குழந்தைச் சாமான். நான் மாறமாட்டன்.

ஈட்டிமுனை: அந்தக் குழந்தைச் சாமானையே முதல்ல தராசில வையுங்க. நம்மட உப்புக்காத்தில இரும்புக் குண்டு செதில் செதிலா உரியுது, பொறிச்ச எண்ணும் துருவில மறைஞ்சு கிடக்கு. போட்டிக்கு முன்னால நிறுக்கேக்க 5 கிலோவுக்கு ஒரு கிராம் குறைஞ்சாலும் தள்ளிவைப்பாங்க. அதைப் பார்க்காம 7.26, 7.26 எண்டு நிக்கிறீங்க.

திருமலைக்காரன்: 7.26.