ஆர்டி கர்னலில் பைனரி டிரைவர்: வாங்கலாமா, கூடாதா?

தறிக்காரன்: மோட்டார் கட்டுப்பாட்டு அட்டைக்கு விற்பனையாளர் தந்த டிரைவர் தொகுத்த மாட்யூலாக மட்டும் வந்தது. சாதாரண லினக்ஸ் கர்னலில் ஓடியது. நேரம் தவறாத வேலைக்கான ப்ரீஎம்ப்ட்-ஆர்டி (ஆர்டி) கர்னலில் வெர்மேஜிக் (எந்தக் கர்னலுக்குத் தொகுத்தது என்று மாட்யூலில் இருக்கும் முத்திரை) பொருந்தவில்லை என்று மறுத்தது. பொறுமையிழந்து, அந்தச் சரிபார்ப்பை மீறும் ஃபோர்ஸ் போட்டு ஏற்றினேன். பத்து நிமிடத்தில் இயந்திரம் உறைந்தது. சோர்ஸ் இல்லாத டிரைவரை ஆர்டி வேலைக்கு வாங்கவே கூடாது.

பூட்டியகர்னல்: பூட்டை நீங்களே உடைத்துவிட்டுத் திருடு போனது என்றால் எப்படி? வெர்மேஜிக் இருப்பதே அதைத் தடுக்கத்தான். ஆலைப் பெட்டியில் கம்பைலர் வைக்க விடமாட்டார்கள். தாமதம் அளந்து சோதித்த பைனரியை மறுபடி தொகுத்தால் மறுபடி சோதனை. கர்னலை மாற்றாமல் வையுங்கள், மாட்வெர்ஷன்ஸை (இடைமுகம் பொருந்துகிறதா என்று சிஆர்சி எண்ணால் சரிபார்க்கும் வசதி) இயக்குங்கள், முடிந்தது. ஆண்ட்ராய்டின் பொதுக் கர்னலான ஜிகேஐயும் இடைமுகத்தை உறைய வைத்துத்தானே ஓடுகிறது?

தறிக்காரன்: அங்கே அதைக் காக்க ஆள் போட்டிருக்கிறார்கள். லினக்ஸின் மூலக் கர்னலான மெயின்லைனில், இடைமுகம் மாறாது என்ற வாக்குறுதியே கிடையாது, 6.12 பதிப்பில் ஆர்டி உள்ளே வந்த பிறகும் இல்லை. ஆர்டியில் ஸ்பின்லாக்_டி என்ற பூட்டு உள்ளுக்குள் ஆர்டி-மியூடெக்ஸ் என்ற வேறு வகைப் பூட்டு. அதன் அளவு மாறினால், அதை வைத்திருக்கும் ஸ்ட்ரக்டில் (தரவுப் புலங்களின் தொகுப்பில்) பின்னால் வரும் புலங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். டிரைவர் ஓரிடத்தில் எழுதும், கர்னல் வேறிடத்தில் படிக்கும். சரி, கர்னலைப் பூட்டிவிட்டோம். பாதுகாப்புத் திருத்தம் வந்தால்?

பசைக்காரி: நான் செய்வது: சோர்ஸ் வெளியிடாத டிரைவர் பகுதிக்குள் கர்னல் ஹெடர் (கர்னலின் டைப்களை வரையறுக்கும் கோப்பு) ஒன்றுகூட நுழையாது. சொந்த டைப்களும் பாயிண்டர்களும் மட்டும். லாக், டைமர், இன்டரப்ட் எல்லாம் சோர்ஸாகத் தரும் மெல்லிய பசை அடுக்கில். கர்னல் மாறினால் அதை மட்டும் தொகுத்தால் போதும். நிவிடியா பல ஆண்டுகளாக இப்படித்தான் தந்தது.

தறிக்காரன்: அதே நிவிடியா டிரைவர் ஆர்டி கர்னலைக் கண்டால் தொகுக்காமல் நின்றதையும் சொல்லுங்கள். தாண்ட ஒரு மாறியை அமைக்க வேண்டியிருந்தது.

பசைக்காரி: உண்மைதான். அளவு பொருந்தினாலும் நடத்தை மாறும், அதை எந்த சிஆர்சியும் பிடிக்காது. ஆர்டியில் சாதாரண ஸ்பின்லாக் தூங்கக்கூடியது. த்ரெட்டாக மாறாத இன்டரப்ட் ஹேண்ட்லரில், அதாவது தூங்கவே கூடாத இடத்தில், அதைப் பிடித்தால் கதை முடிந்தது. அங்கே தூங்காத ரா_ஸ்பின்லாக் வேண்டும். எங்கே எது என்பதைப் பசை அடுக்கு எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பூட்டியகர்னல்: பசை சரி. ஆனால் அதை எங்கள் பில்ட் சர்வரில் தொகுத்து, கர்னலோடு ஒரே பொதியாக அனுப்புவேன். ஆலைப் பெட்டிக்குள் டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போது அங்கேயே மாட்யூலை மறுபடி தொகுக்கும் கருவி) வராது.

தறிக்காரன்: அதற்கு விற்பனையாளர் பசைச் சோர்ஸையாவது தரவேண்டுமே. கேட்டு மூன்று வாரம் ஆகிறது.