இடுப்பில் ஒரு சுருக்குப்பை: ஆஸ்பத்திரிக்குத் தைத்துக் கொடுக்கிறவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்க

மதுரைத் தையல்காரி:

நாலு வருஷமா எங்க தெருவுல ஏழு பேர் சேர்ந்து பை தைக்கிறோம். மார்புப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போற பொம்பளைங்களுக்கு. ஆபரேஷன் பண்ணின இடத்துல ஊறுற நீர் வெளியே வர்றதுக்கு அக்குள் பக்கத்துல ஒரு டியூப் வைப்பாங்க, அதோட முனையில ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தொங்கும். 'டிரெய்ன்' (drain)னு சொல்வாங்க. தினமும் எவ்வளவு இறங்குதுன்னு குறிச்சு வச்சு, ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே குறைஞ்சாத்தான் பெரும்பாலும் அதை எடுப்பாங்க. சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு அதுக்கும் மேல. அதுவரைக்கும் சமைக்கிறதும், படுக்கிறதும், பஸ் ஏறுறதும் அந்தப் பாட்டிலோடதான்.

என் நாத்தனாருக்கு ஆபரேஷன் ஆனப்பதான் எனக்கு இதெல்லாம் தெரியும். டிஸ்சார்ஜ் அன்னைக்குப் பக்கத்துக் கட்டில் அம்மா, பாட்டிலை ஒரு மஞ்சப்பைக்குள்ள போட்டு, முந்தானையால மூடிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாங்க. பையோட காது மணிக்கட்டுல மாட்டியிருந்தது. கை அசையுறப்ப எல்லாம் டியூப் இழுக்கும், அவங்க பல்லைக் கடிச்சுக்குவாங்க. வாசல் வரைக்கும் போறதுக்குள்ள மூணு தடவை நின்னாங்க. அன்னைக்கு ராத்திரியே மிஷின்ல உட்கார்ந்துட்டேன்.

முதல்ல தைச்ச 20 பையும் தப்பு. வெள்ளைக் காடாத் துணியில தைச்சிருந்தேன், ஒரு சொட்டு பட்டாலும் கறை தெரியும். பாட்டில் முழுசா உள்ளே போற மாதிரி ஆழமா வச்சிருந்தேன், அளவு பார்க்க ஒவ்வொரு தடவையும் வெளியே எடுக்கணும். வார்டு சிஸ்டர் ஒருத்தங்க பையை வாங்கிப் பார்த்துட்டு, "பக்கவாட்டுல நீளமா ஒரு வாய் விட்டுடுங்கக்கா. பாட்டில்ல இருக்கிற கோடு தெரிஞ்சாப் போதும்"னாங்க. அதைச் சரி பண்ணினேன். ஆனா தோள்ல மாட்டுற பை. புடவைக்கு மேல தெரியுதேன்னு யாரும் போட்டுக்க மாட்டேன்னாங்க.

அதைத் தீர்த்து வச்சது உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருத்தங்க. எழுபது வயசு இருக்கும். நான் கொடுத்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசாம இடுப்புல இருந்து அவங்க சுருக்குப்பையை உருவி என் உள்ளங்கையில வச்சாங்க. உள்ளே நாலு வெத்தலை, மடிச்ச பத்து ரூபா நோட்டு ரெண்டு, ஒரு பெட்டிச் சாவி. "இதை இப்படியே பெருசாத் தைச்சுக் குடு தாயி. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து இடுப்புலதான் கெடக்கு. எவன் பாத்தான்?"

இப்ப எங்க பை அதுதான். பழைய சுங்குடிப் புடவையை நல்லாக் கொதிக்கிற தண்ணியில போட்டு அலசி, வெயில்ல காயவச்சு, ரெட்டைத் துணியா வெட்டுவோம். 9 இஞ்சு உயரம், 6 இஞ்சு அகலம், அரக்கு நிறம், இல்லேன்னா கரும்பச்சை. 2 மீட்டர் நாடா. புடவை கட்டுறவங்க பாவாடை நாடாவுக்கு மேல கட்டிக்கலாம், நைட்டி போடுறவங்க குறுக்கால மாட்டிக்கலாம். காயத்துக்குக் கீழேயே பாட்டில் இருக்கும், டியூப்பும் இழுக்காது. புதுத் துணியை விடத் துவைச்சுத் துவைச்சுப் பழகின நூல் புடவைதான் அந்த உடம்புக்கு ஆகும். குழந்தை பொறந்தா பழைய புடவையில தானே தூளி கட்டுறோம், அதே காரணம்தான்.

நீங்க யார் யாருக்கு என்ன தைக்கிறீங்க, எங்க தப்பு விட்டீங்க, எழுதுங்க.

திருப்பூரிலிருந்து:

நான் பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கிறனுங்க அக்கா. நாங்க தைக்கிறது தொப்பி. எடை குறைச்சலாப் பொறந்து தீவிரக் கவனிப்புல இருக்கிற பச்சைக் குழந்தைகளுக்கு. அந்தக் குழந்தைகளுக்கு ஒடம்போட அளவுக்குப் பார்த்தாத் தலை பெருசா இருக்குதுங்க. சூடு நெறைய அந்த வழியாவே போயிரும்னு சிஸ்டர் சொன்னாங்க.

மொதல்ல நாங்க உல்லன்ல பின்னி, மேல ஒரு குஞ்சம் வச்சு, ரெண்டு பக்கமும் நாடா வச்சு ஆசையாக் கொண்டு போனோமுங்க. ஒண்ணையும் எடுத்துக்கல. கம்பளி முடி மூக்குல போகும், நாடா கழுத்தைச் சுத்தும், குஞ்சம் இருந்தா தலையைத் திருப்பிப் படுக்க வைக்க முடியாது. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அவங்க சொன்னது ஒவ்வொண்ணும் நெசமுங்க. இப்ப இன்டர்லாக்ங்கிற பனியன் துணிதான், கட்டிங்ல மீதி விழுகிறது. தையல் மேடு தலையில அமுங்காம இருக்கத் தையலை வெளிப்பக்கம் விட்டுருவோம். சாத்துக்குடி மேல மாட்டிப் பார்ப்போமுங்க, சரியா ஒக்காந்தாச் சின்ன சைஸ்.

ஒரு தாயி. 1 கிலோ 300 கிராம்ல பையன். நெஞ்சோட சேர்த்துக் கட்டிக்கிட்டு கங்காரு முறையில ஒக்காந்திருந்தாங்க. 1978ல கொலம்பியாவுல, பொகோட்டாங்கிற ஊர்ல, இன்குபேட்டர் பத்தாமப் போய்த்தான் அந்த முறையை ஆரம்பிச்சாங்களாம். சேலைக்கு மேல அந்தக் கிளிப்பச்சைத் தொப்பி மட்டும்தான் தெரிஞ்சுதுங்க. "இதே கலர்ல இன்னொண்ணு கெடைக்குமாக்கா?"ன்னு கேட்டாங்க. எதுக்குன்னேன். துவைக்கப் போட்ட அன்னைக்கு வேற கலர் தொப்பி மாட்டியிருந்தாங்களாம். கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்தப்ப எது நம்ம பையன்னு ஒரு நிமிஷம் தெரியாமப் போச்சுன்னு சொல்றப்பவே அழுதுட்டாங்க. அன்னைல இருந்து ஒரு குழந்தைக்கு ஒரே கலர்ல ரெண்டு தொப்பி. ஒண்ணு தலையில, ஒண்ணு கொடியில.

டென்மார்க்கிலிருந்து:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், இஞ்ச வந்து முப்பது வருசம். குறைமாதப் பிள்ளையளுக்குப் பருத்தி நூலில குரோஷா ஊசியால ஒக்டோபஸ் பொம்மை பின்னிக் குடுக்கிற பழக்கம் 2013இல இந்த நாட்டிலதான் துவங்கினது. பிள்ளை டியூப்பைப் பிடிச்சு இழுக்காமல் அந்தக் காலைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கும். தொப்புள்கொடி மாதிரி இருக்கும் எண்டு தாய்மார் சொல்லுவினம். மருந்து மாதிரி வேலை செய்யும் எண்டு நான் சொல்ல வரேல்லை. பக்கத்தில வைக்கிற ஒரு துணை, அவ்வளவுதான்.

என்ர அம்மாவும் பின்னுறவ. 60 பாகை (டிகிரி) சூட்டில துவைக்கக்கூடிய நூல் வேணும், தலையில பஞ்சு எட்டிப் பாக்காத அளவுக்கு இறுக்கமாப் பின்ன வேணும், காலை இழுத்துப் பிடிச்சாலும் 22 சென்ரிமீற்றருக்கு மேல போகக்கூடாது. நீளம் கூடினால் பிள்ளையின்ர கழுத்தில சுத்திப் போடும். அம்மா முதல் குடுத்த ஐஞ்சில மூண்டு திரும்பி வந்தது, 24 வந்திட்டுதாம். பொறுப்பா இருந்த டெனிஷ் மனிசி அடிமட்டத்தை (ஸ்கேலை) வைச்சு அம்மாவுக்குக் காட்டினவ. அம்மாவுக்கு டெனிஷ் விளங்காது, அந்த 22க்கு நேர போட்டிருந்த சிவப்புக் கோடு விளங்கிச்சு. அண்டு இரவே மூண்டையும் உருவி, அதே நூலில திரும்பப் பின்னினவ. இப்ப அந்த அடிமட்டம் அம்மாவின்ர பின்னல் கூடைக்குள்ளதான் கிடக்கு.

உங்கட பையோட இதய வடிவத் தலையணையும் குடுத்துப் பாருங்கோ அக்கா. ஜேனற் கிரேமர்-மாய் எண்டு அமெரிக்காவில ஒரு நேர்ஸ், தனக்கே மார்புப் புற்றுநோய் வந்த பிறகு மற்றப் பெண்களுக்கும் குடுக்கத் துவங்கினவ. 2006இல டென்மார்க்குக்கும் வந்தது. அக்குளுக்குக் கீழ வைச்சால் கை காயத்தில முட்டாது.

மதுரைத் தையல்காரி:

தலையணையும் தைச்சோம்மா. இலவம்பஞ்சுல அடைச்சேன், வீட்டுல இருந்ததை வச்சு. ஒரு துவைப்புலயே கட்டி கட்டியாப் போச்சு, காயவும் இல்ல. இப்ப ஃபைபர் பஞ்சுதான். ரொம்ப இறுக்கி அடைச்சா அக்குளைக் குத்தும், பாதி தளர்வா விடணும்.

சென்னையிலிருந்து:

2016 ஜனவரியில சென்னையில 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை ஒண்ணு கின்னஸுக்காகச் சேர்த்தாங்களே, மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு. அதுக்குப் பிறகு அதைப் பிரிச்சு இல்லாதவங்களுக்குக் கொடுத்தாங்கன்னு படிச்சப்பதான் என் கை வேலையும் யாருக்காவது போகணும்னு தோணுச்சு. இப்ப ஒரு குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்குத் தலையணை உறை தைக்கிறேன். மாசக்கணக்குல அதே கட்டில், அதே வெள்ளை உறை. அதனால குழந்தைகிட்டயே கேட்டுத் தைக்கிறதுன்னு வச்சிருக்கேன்.

ஏழு வயசுப் பையன் ஒருத்தன். பொம்மைத் துணி, கார்ட்டூன் துணி எல்லாம் காட்டினேன், எதுவும் வேண்டாம்னுட்டான். "பஸ்ஸு." அந்த மாதிரித் துணி கடையில கிடைக்கல. பச்சைத் துணியை வெட்டி ஒட்டுத்தையல்ல ஒரு பஸ் பண்ணினேன். ஆறு ஜன்னல், சக்கரத்துக்குக் கறுப்பு பட்டன். அப்புறம் பட்டனைப் பிய்ச்சு எடுத்துட்டுத் துணியிலேயே வட்டம் வெட்டி வச்சேன், அந்த வார்டுல பட்டன் கூடாது, படுத்தா அழுத்தும், பிஞ்சா வாயில போட்டுக்குவாங்க. முன்னாடி போர்டுல அவன் ஊர்ப் பேரைச் சங்கிலித் தையல்ல போட்டுக் கொண்டு போனேன்.

ரொம்ப நேரம் பார்த்தான். "இது எங்க ஊர் பஸ் இல்ல ஆன்ட்டி"ன்னான். ஏண்டா கண்ணான்னு கேட்டா, "'வழி'ன்னு போடலையே. எங்க ஊர் பஸ் மேட்டுத்தெரு வழியாத்தான் போகும். அது இல்லாத பஸ் எங்க வீட்டாண்ட நிக்காது." அவங்க அம்மா சமாதானம் சொல்ல வந்தாங்க. நான் வேண்டாம்மான்னுட்டேன், அவன் சொன்னதுதான் சரி. அங்கேயே உட்கார்ந்து போர்டைப் பிரிச்சு, எழுத்தைச் சின்னதாக்கி, கீழே 'வழி மேட்டுத்தெரு'ன்னு போட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. கையில டிரிப்ஸ் ஏறிக்கிட்டிருக்கு, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பக்கத்துல இருந்தான். 'ழி'யோட கொக்கி சரியா வரலைன்னு ஒரு தடவை திருத்தவும் சொன்னான்.

பை வாங்கிக்கொண்டவள்:

இங்கே எழுதறவங்க எல்லாரும் கொடுக்கிறவங்க. நான் வாங்கிக்கிட்டவ. எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

போன வருஷம் எனக்கு இடது பக்கம் எடுத்தாங்க. உங்க குழு இல்ல, வேற யாரோ ஒரு பையும் தலையணையும் கொடுத்தாங்க. அது ரெண்டும் இல்லேன்னா பாட்டிலோட இருந்த அந்தப் பதினோரு நாளை எப்படித் தள்ளியிருப்பேன்னு தெரியல. வீடு போய்ச் சேர அஞ்சு மணி நேரப் பயணம், தலையணையை அக்குள்ல வச்சுக்கிட்டு ஜன்னல் ஓரமாத் தூங்கிட்டேன், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நல்ல தூக்கம் அதுதான். ரெண்டையும் இன்னும் வச்சிருக்கேன். அதனால இதைக் குறையாச் சொல்றேன்னு நினைக்காதீங்க.

பையில இளஞ்சிவப்பு ரிப்பன் படம் அச்சடிச்சிருந்தது. பார்க்கிற யாருக்கும் எனக்கு என்ன நோய்னு அது சொல்லிடும். எங்க வீட்டுல கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு இருக்கா, ஊர்ல யார்கிட்டயும் நாங்க சொல்லல. பையைத் திருப்பிப் போட்டுத்தான் கட்டிக்கிட்டேன். உள்ளே ஒரு சீட்டும் இருந்தது. 'கடவுள் தாங்கக்கூடியவர்களுக்குத்தான் சோதனை தருவார், தைரியமாகப் போராடுங்கள்'னு. நல்ல மனசோட எழுதினதுதான். ஆனா அன்னைக்கு என்னால கையைத் தூக்கித் தலை வார முடியல. சின்ன மருமக வந்துதான் வாரிவிட்டா. எதுக்கு நான் போராடணும், என்ன தப்புப் பண்ணினேன்னு அந்தச் சீட்டை வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க அழுதேன். பையை எப்படித் துவைக்கணும், நாடாவை எப்படிக் கட்டணும்னு ஒரு சீட்டு வைங்க. அது போதும், அதுல உங்க அன்பு தெரியும்.

மதுரைத் தையல்காரி:

அம்மா, நீங்க எழுதினதை எங்க ஏழு பேருக்கும் வாசிச்சுக் காட்டினேன். நாங்களும் சீட்டு வச்சுக்கிட்டிருந்தோம். கிட்டத்தட்ட அதே வார்த்தைதான், என் கையெழுத்துலதான். நாளைக்குக் கொடுக்கிறதுக்காக 40 பை கட்டி வச்சிருந்தது. ராத்திரி எல்லாத்தையும் பிரிச்சு சீட்டை எடுத்துட்டோம். நாடா கட்டுற விதத்தைப் படமாப் போட்டு, 'உப்புத் தண்ணியில அலசினாக் கறை போகும்'னு ஒரே வரி எழுதி வச்சிருக்கோம். படம் சரியா இருக்கான்னு போடுறேன், பார்த்துச் சொல்லுங்க. இடது பக்கம் எடுத்தவங்களுக்கு முடிச்சு எந்தப் பக்கம் வரணும்னு மட்டும் எங்களுக்குத் தெரியல.