இரண்டாவது மானிட்டரில் மட்டும் எழுத்து மங்கல் – அவசர உதவி

கரைமணல்:
வணக்கம். புது மானிட்டர் மாட்டியதிலிருந்து அதில் மட்டும் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது. லேப்டாப் திரையில் எந்தக் குறையும் இல்லை. ரெசல்யூஷன் சரியாகத்தான் இருக்கிறது. ஸ்கேல் (எழுத்தைப் பெரிதாக்கும் சதவீதம்) மாற்றிப் பார்க்கலாம் என்றால் அந்தப் பெட்டி சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, தொடவே விடவில்லை. நாளைக்குள் ஒரு வேலையை முடித்துக் கொடுக்கணும். எந்த செட்டிங்கை மாற்றணும்?

நிரல்நெசவு:
விண்டோஸ் 10ஆ, 11ஆ? மானிட்டர் எத்தனை இன்ச்? "சரியாகத்தான்" என்றால் எவ்வளவுக்கு எவ்வளவு? என்ன கேபிள்? எல்லா புரோகிராமிலும் மங்கலா, சிலதில் மட்டுமா? இதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

எழுத்தாணி:
கிளியர்டைப் (எழுத்தைக் கூர்மையாகக் காட்டும் விண்டோஸ் வசதி) ட்யூனர் ஓட்டினீர்களா? ஸ்டார்ட் மெனுவில் "கிளியர்டைப்" என்று தேடினாலே வரும். இரண்டு மானிட்டரையும் ட்யூன் செய்யும்படி தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மாதிரி எழுத்துப் பெட்டிகளைக் காட்டும், கண்ணுக்கு எது கூர்மையோ அதைச் சொடுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். இதைச் செய்யாமலே மானிட்டரைக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம்.

மூத்தபதிவர்:
இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். வாங்கும்போதே அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கணக்குப் போட வேண்டாமா? 24 இன்ச் ஃபுல் எச்டி என்றால் 92, 27 இன்ச் 4கே என்றால் 163. 163ல் 100 சதவீதம் வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், 150 வைத்தால் பின்னக் கணக்கு, மங்கத்தான் செய்யும். ஸ்கேல் என்றால் 100 அல்லது 200. நடுவில் எதையும் வைக்காதீர்கள்.

நிரல்நெசவு:
ஐயா, பிக்சல் கணக்கு சரி, பின்னக் கணக்குப் பேச்சு சரியில்லை. விண்டோஸில் 150 வைத்தால், ஸ்கேலிங் தெரிந்த புரோகிராம்கள் எழுத்தை அந்த அளவிலேயே புதிதாக வரைகின்றன. ஃபாண்ட் என்பது கோட்டுருவம், படம் அல்ல, எந்த அளவிலும் கூர்மையாகவே வரும். ஸ்கேலிங் தெரியாத பழைய புரோகிராமைத்தான் விண்டோஸ் 100ல் வரைய விட்டு, பிறகு படமாக இழுத்துப் பெரிதாக்கும். அங்கேதான் மங்கும். அப்படிப்பட்ட புரோகிராம் 200லும் இழுத்த படம்தான்.

கரைமணல்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். விண்டோஸ் 11. 27 இன்ச் 4கே. 3840 × 2160, பக்கத்தில் ரெகமண்டட் என்று போட்டிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள், மானிட்டர் பெட்டியில் வந்தது. எல்லாவற்றிலும் மங்கல், பழைய கணக்கு சாஃப்ட்வேர் ஒன்றில் ரொம்ப மோசம். கிளியர்டைப் இரண்டு தரம் ஓட்டியாயிற்று, மாற்றமில்லை.

பட்டறை:
கிராஃபிக்ஸ் டிரைவர்தான், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதியை இயக்கும் மென்பொருள். விண்டோஸ் தானாகப் போடும் டிரைவரை நம்ப முடியாது. முதலில் விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி அழுத்துங்கள். திரை ஒரு நொடி கறுத்து, கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். அதில் சரியாகவில்லை என்றால் டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

நிரல்நெசவு:
டிரைவரைக் கழற்றும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள் கரைமணல். இரண்டும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது.

ஒன்று, அந்தச் சாம்பல் பெட்டி. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் "ஸ்கேல்" வரியையே சொடுக்கி உள்ளே போங்கள். பக்கத்திலுள்ள பட்டியலைத் தொட வேண்டாம். உள்ளே "கஸ்டம் ஸ்கேலிங்" என்ற இடத்தில் 100 முதல் 500 வரை ஏதாவது ஓர் எண் கொடுக்கலாம். அங்கே எண் இருந்தால் அது எல்லாத் திரைக்கும் பொது ஆகிவிடும், தனித்தனி ஸ்கேல் பெட்டி பூட்டிக்கொள்ளும். கஸ்டம் ஸ்கேலிங்கை நிறுத்தி சைன் அவுட் செய்யச் சொல்லும் இணைப்பு அங்கேயே இருக்கும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுச் சொடுக்குங்கள். திரும்ப வந்ததும் மேலேயுள்ள படத்தில் 2 என்ற திரையைத் தேர்ந்தெடுத்து 150 வையுங்கள்.

இரண்டு, ஸ்க்ரீன்ஷாட் சோதனை. மங்கலாகத் தெரியும் பக்கத்தை பிரிண்ட் ஸ்க்ரீன் எடுத்து, அந்தப் படத்தை லேப்டாப் திரைக்கு இழுத்து 100 சதவீத அளவில் பாருங்கள். படத்திலும் மங்கல் என்றால் விண்டோஸே மங்கலாகத்தான் வரைகிறது, ஸ்கேலிங் பக்கம் தேடலாம். படம் தெளிவு என்றால் விண்டோஸ் சரியாக வரைந்துவிட்டது, வழியில்தான் கெடுகிறது: போர்ட், கேபிள், மானிட்டர்.

தமிழ்விசை:
யாருமே ஃபாண்டைப் பற்றிப் பேசவில்லையே? விண்டோஸ் 8 வந்ததிலிருந்து தமிழுக்கு நிர்மலா யுஐ. அதன் கோடு மெலிது, சிறிய அளவில் 'ஞ', 'ணை' எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போகிறது. லதா போடுங்கள், தடிப்பாக நிற்கும். இப்போது தானாக வராது. செட்டிங்ஸ் தேடலில் "ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்" என்று தேடி, தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வரும். பிறகு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் இடம்) நிர்மலாவுக்குப் பதில் லதா என்று எழுதிவிட்டால் போதும்.

எழுத்தாணி:
ஃபாண்ட் சேர்ப்பது வரைக்கும் சரி. ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கச் சொல்லாதீர்கள். மெனு வரியின் உயரம் ஒரு ஃபாண்டுக்கு அளந்து வைத்தது, வேறு ஃபாண்டைத் திணித்தால் 'கு', 'டூ' மாதிரி கீழே இறங்கும் எழுத்துகளின் வால் வெட்டுப்படலாம். அதோடு நிர்மலா தமிழுக்கு மட்டுமானதல்ல, இந்தி, தெலுங்கு, மலையாளம் என்று பல எழுத்துகளுக்கும் அதுதான். லதாவில் அவை கிடையாது.

தமிழ்விசை:
தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு மலையாளம் எதற்கு? ஒரு நாள் முழுக்கத் திரையில் தமிழ் படித்துப் பாருங்கள், கண் எது கேட்கிறது என்று தெரியும்.

மூத்தபதிவர்:
லதா பழைய குறைந்த பிக்சல் திரைகளில் பழகியது. 163ல் நிர்மலாவே போதும். கோடு மெலிது என்ற குறை அங்கே எழாது.

எழுத்தாணி:
இதில் மூத்தபதிவர் சொல்வதுதான் சரி. கேட்டவருக்கு ஆங்கிலமும் மங்கல் என்பதை மறந்துவிட்டோம், "எல்லாவற்றிலும்" என்றுதானே சொன்னார்?

கரைமணல்:
ஆமாம், ஆங்கிலமும்தான். கஸ்டம் ஸ்கேலிங்கில் 130 இருந்தது, எடுத்துவிட்டேன். பெட்டி திறந்துகொண்டது, 150 வைத்தேன். எழுத்து பெரிதானது, ஆனால் மங்கல் அப்படியே. ஸ்க்ரீன்ஷாட் லேப்டாப்பில் பளிச்சென்று தெளிவாக இருக்கிறது.

நிரல்நெசவு:
அப்படியானால் டிரைவரும் வேண்டாம், ஃபாண்டும் வேண்டாம். டிஸ்ப்ளே பக்கத்தில் "அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே" திறந்து, மேலே 2ஆம் திரையைத் தேர்ந்தெடுத்து, நான்கு வரியை அப்படியே இங்கே எழுதுங்கள்: டெஸ்க்டாப் மோட், ஆக்டிவ் சிக்னல் மோட், பிட் டெப்த், கலர் ஃபார்மட்.

கரைமணல்:
டெஸ்க்டாப் மோட், ஆக்டிவ் சிக்னல் மோட் இரண்டும் 3840 × 2160, 60 ஹெர்ட்ஸ். 8 பிட். கலர் ஃபார்மட் ஒய்சிபிசிஆர் 420.

நிரல்நெசவு:
அந்தக் கடைசி வரிதான் காரணம். ஆர்ஜிபி (ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறமும் போகும் முறை) என்று இருக்க வேண்டிய இடத்தில் 420 இருக்கிறது. 420ல் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகப் போகும், நிறம் மட்டும் 2 × 2, அதாவது நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் போகும். சினிமா பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எழுத்தின் கோடு ஓரிரு பிக்சல் அகலம்தான், கிளியர்டைப் அதன் ஓரத்தில் சிவப்பு நீலச் சாயல் வைத்துத்தான் கூர்மை காட்டுகிறது. அந்தச் சாயல் பக்கத்துப் பிக்சலுக்கும் பரவிவிடுகிறது. அதனால்தான் ட்யூனரை எத்தனை தரம் ஓட்டியும் பலனில்லை.

கண்ணால் பார்க்க வேண்டுமா? பெயின்டில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் 'இ' என்று சின்னதாக எழுதுங்கள். லேப்டாப்பில் உள்சுழி திறந்து தெரியும், மானிட்டரில் சுழி அடைபட்டு ஓரம் பிசிறாக இருக்கும்.

4கே ஆர்ஜிபியை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 தரம் புதுப்பித்து) காட்ட எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அதன் வேகம் நொடிக்கு 18 கிகாபிட். 1.4ல் 10.2தான், அதற்குள் அடங்குவது 30 ஹெர்ட்ஸ். 60 வேண்டும் என்றால் நிறத்தைக் குறைத்து 420ஆக அனுப்புகிறது. பல மானிட்டர்கள் எச்டிஎம்ஐ உள்ளீட்டை 1.4 என்ற நிலையில் வைத்தே வருகின்றன. மானிட்டரின் சொந்தப் பட்டன் மெனுவில் இன்புட் அல்லது சிஸ்டம் பகுதியில் "எச்டிஎம்ஐ மோட்" அல்லது "எச்டிஎம்ஐ வெர்ஷன்" தேடி 2.0 வையுங்கள். திரை ஒரு தரம் அணைந்து வரும். பிறகு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ஆர்ஜிபி வந்ததா என்று பாருங்கள். என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் "சேஞ்ச் ரெசல்யூஷன்" பக்கத்தில் அவுட்புட் கலர் ஃபார்மட்டையும் ஆர்ஜிபி ஆக்க வேண்டி வரலாம்.

அந்தக் கணக்கு சாஃப்ட்வேர் தனிக் கதை. அதன் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, "சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்". கீழேயுள்ள ஓவர்ரைடு கட்டத்தில் டிக் போட்டு "சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)" தேர்ந்தெடுங்கள். எழுத்து தெளியும், ஐகான்கள் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். "அப்ளிகேஷன்" வைத்தால் எல்லாம் தெளிவாகும், ஆனால் மெனு சிறுத்துவிடும்.

கரைமணல்:
மானிட்டர் மெனுவில் 1.4 இருந்தது, 2.0 வைத்தேன். ஆர்ஜிபி வந்துவிட்டது, எழுத்து தெளிவு. மிக்க நன்றி.

பட்டறை:
கணக்கு சாஃப்ட்வேர் என்ன ஆயிற்று? என்ஹான்ஸ்டு வைத்தீர்களா, அப்ளிகேஷனா?

ஈரோட்டம்:
இதே தொல்லை எனக்கும், ஆனால் என் மானிட்டர் 2.0லேயே இருக்கிறது. 60 வைத்தால் 420, 30 வைத்தால் ஆர்ஜிபி.

நிரல்நெசவு:
அப்படியென்றால் லேப்டாப் போர்ட்டே 1.4ஆக இருக்கலாம். அதைச் செட்டிங்கில் மாற்ற வழியில்லை. வேறு 2.0 கேபிளில் ஒரு தரம் பாருங்கள், அதிலும் இதேதான் என்றால் போர்ட்தான். டிஸ்ப்ளேபோர்ட் வசதியுள்ள யுஎஸ்பி-சி இருந்தால் அதிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேரடிக் கேபிள் போடுங்கள். அது இல்லையென்றால் 30 ஹெர்ட்ஸ் ஆர்ஜிபி: எழுத்து தெளிவாக இருக்கும், மவுஸ் அம்பு விட்டு விட்டு நகரும். 2560 × 1440க்கு இறக்க வேண்டாம், 4கே பேனலில் அது பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தாமல் மறுபடி மங்கும்.